கதிரை விதானை

மூன்றாவது தடவையும் வாப்பா அதையேதான் சொன்னார். ஈரப் பஞ்சால் அவருடைய உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த முனவ்வறாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“குணம் நிக்கிறான்... கேற்றத் திறங்க.”

யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தாமலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாப்பாவைக் ‘காக்கா’ என்று கூப்பிடுகிற ஒரே தங்கச்சி றபீக்கா மாமி கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஆருகா அது குணம்?”

“தெரியா மாமி,” என்றாள் முனவ்வறா. சொன்ன வாய் கூசியது. தெரியாமல் என்ன? முப்பத்தைந்து வருசமாக அந்தப் பெயரை நெஞ்சுக்குள் முள்ளாக வைத்துக்கொண்டு திரிகிறவளே அவள்தான்.

ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பி இன்றோடு ஐந்து நாள். சக்கராத்து, உயிர் பிரிகிற அவஸ்தை. மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறதே தவிரப் போகிறதாயில்லை. மருதமுனையில் ஒரு மனுசன் இப்படிக் கிடந்தால் சனம் ஒன்றைத்தான் நினைக்கும்: யாரோ ஒருத்தருடைய பொருத்தம் இன்னும் கிடைக்கவில்லை. ‘நீ செய்த பிழையை அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொண்டேன்’ என்று அந்த ஆள் தன் வாயால் சொல்லாமல் றூஹு பிரியாது என்பார்கள். ஆகவே ஐந்து நாளும் தெருவே வந்து போனது. வேலிச் சண்டை பிடித்தவர் வந்தார். முப்பது வருசத்துக்கு முன் வாப்பாவிடம் கன்னத்தில் அறை வாங்கிய இறைச்சிக் கடைக்காரர்கூட வந்து, “நம்மட பக்கம் ஒண்டுமில்ல விதானையார், போய்ட்டு வாங்க,” என்று ஏதோ பஸ் ஏற்றி விடுகிறவர் மாதிரி காதில் சொல்லிவிட்டுப் போனார். அப்படியும் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது.

மீராசா விதானையார் லேசுப்பட்ட ஆளில்லை. சொறிக்கல்முனைப் பக்கம் அறுபது ஏக்கர் வயலை ஆண்ட போடியாரின் மூத்த மகன். போடியார் வீட்டுப் பிள்ளைக்கு விதானை வேலை, கிராம சேவகர் உத்தியோகம் எதற்கு என்று ஊர் கேட்டபோது, “வயல் தானா விளையும். சனத்துக்குக் கடிதம் தானா வருமா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போய் வேலையில் சேர்ந்தார். உத்தியோகம் வந்ததே தவிர, போடியார்த்தனம் போகவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட். அடுத்தவர் வீட்டுப் பாயில் இருக்க மாட்டார், வாங்கிலும் இருக்க மாட்டார். அதற்கென்றே தேக்கு மரத்தில் ஒரு மடக்குக் கதிரை செய்வித்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு திரிவார். போகிற வீட்டு முற்றத்தில் கதிரையை விரித்து, சாரனை நீவிவிட்டு, இருந்து, அதற்குப் பிறகுதான் பேனையைத் திறப்பார். ஊர் சும்மா விடுமா? கதிரை விதானை என்று பெயர் வைத்தது. பத்து வயதில் முனவ்வறா காம்பஸ் முனையால் அந்தக் கதிரையின் முதுகுப் பலகையில் ‘மு’ என்று கீறி வைத்து, அதற்கு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

அவர் பார்த்த பிரிவு எல்லையில் இருந்தது. பள்ளிவாசல் பாங்கும் கேட்கும், பெரியநீலாவணைக் கோயில் மணியும் கேட்கும். இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் பிறப்பு, இறப்பு, கூப்பன், பதிவு எல்லாவற்றுக்கும் அவருடைய கையெழுத்துத்தான்.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது. சண்டை மூண்ட அந்தக் கிழமைகளில் எல்லாருக்கும் எல்லாரிலும் பயம். ஒரு நாள் ஆமிக்காரர் பெரியநீலாவணையைச் சுற்றிவளைத்து இளந்தாரிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். விடிந்து கொஞ்ச நேரம்தான். மேலில் சேட் இல்லாமல், காலில் செருப்பில்லாமல் குணம் ஓடிவந்து இந்த வீட்டுக் கேற்றைப் பிடித்தான். கரைவலை இழுக்கிற பொடியன். “தம்பியப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க விதானையார். இவன் நம்மட பிரிவுப் பொடியன், மீன் பிடிக்கிறவன் எண்டு ஒரு கடிதம் தாங்க. ஒரு கடிதம்.” வாப்பா ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கேற்றுக் கம்பியைப் பிடித்திருந்த அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கொளுக்கியைப் போட்டார். திரும்பி வந்தார். முனவ்வறா சன்னலுக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

அதற்கு முதல் நாள் யாரோ முற்றத்துக்குள் துண்டுக் கடதாசி எறிந்திருந்தார்களாம். கடிதம் எழுதினால் எழுதுகிற கை இருக்காது என்று எழுதியிருந்ததாம். உம்மா இதை வெகு காலத்துக்குப் பிறகு சொன்னாள். எறிந்தது எந்தப் பக்கம் என்று இன்றுவரை தெரியாது. காரணம் தெரிந்துவிட்டால் மனம் ஆறிவிடுமா? அந்தக் கையால்தான் வாப்பா அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினார், அந்தக் கையைப் பிடித்துத்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள். ஆனாலும் அந்தக் கையைக் காணும்போதெல்லாம் கம்பியிலிருந்து கழன்ற அந்த விரல்கள் அவளுக்குக் கண்ணில் வந்துவிடும். அந்தத் தம்பி திரும்பி வந்தானா என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம்.

அதற்கடுத்த நாலு நாளும் வாப்பாவுக்குக் கந்தோரில் அவசர வேலை. வெள்ளனப் போய்ப் பொழுதுபட வருவார். “கந்தோர்க் கதிரையில இருந்தா சாரன்ல இவ்வளவு மண்ணா?” என்று உம்மா உடுப்புத் துவைக்கிற இடத்தில் நின்று புறுபுறுத்தது முனவ்வறாவுக்கு நினைவிருக்கிறது. நாலாம் நாள் தோளில் தோல் உரிந்து வந்தார். சைக்கிளால் விழுந்தேன் என்றார். கதிரையைக் காணவில்லை. துலைந்துவிட்டது என்றார். அதோடு சரி. போடியாரின் மகன் கண்ட கண்ட பாயிலெல்லாம் சம்மணம் கட்டி இருக்கத் தொடங்கினார். ஊர் பெயரை மட்டும் மாற்றவில்லை.

“குணம்...” என்றார் வாப்பா மறுபடியும்.

முனவ்வறா பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழும்பினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “நான் பெரியநீலாவணைக்குப் போய்ட்டு வாறன் மாமி. வாப்பாக்குப் பொருத்தம் எடுக்கணும்,” என்றாள்.

“ஆரிட்ட?”

“கரைவலைக் குணத்திட்ட.”

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “போடியார்ர பேத்தி மீன்காரன்ட வாசல்ல போய் நிக்கிறதா? கேட்டா என்ட வாப்பா கபுறுக்குள்ள எழும்பி இருந்திருவார்.”

“எழும்பி இருந்தா இருக்கட்டும் மாமி. என்ட வாப்பா போகணும்.”

வாசலில் நின்ற கணவன் றமீஸ் முனவ்வறாவின் முகத்தைப் பார்த்தான். இருபது வருசம் கூட வாழ்ந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. “நீ போ. நான் பக்கத்துல இரிக்கன். ஏதும் எண்டா கோல் எடுக்கன்,” என்று சொல்லி ஓட்டோவுக்கும் அவனே கூப்பிட்டான்.

ஓட்டோவில் பத்து நிமிடம்கூட இல்லை. இந்தப் பத்து நிமிடத் தூரத்தைத்தான் அவள் முப்பத்தைந்து வருசமாகப் போகாமல் இருந்தாள். என்ன சொல்வது? எங்கள் வாப்பா உங்கள் தம்பியைச் சாகக் கொடுத்துவிட்டார், அவரை மன்னித்து விடுங்கள் என்றா? வாய்க்குள் சொல்லிப் பார்த்து, பாதியில் விட்டாள். அவள் போய் வருவதற்குள் அங்கே மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு வேறு. சந்தியில் நின்றவர்களிடம் கேட்டதும், கடற்கரை ஒழுங்கையில் மூன்றாவது வீடு என்று கையைக் காட்டினார்கள்.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்தாள். குணத்தின் மனைவி, பெயர் தங்கரத்தினம்.

“ஆரு புள்ள? உள்ளுக்கு வாங்க. அவர் இப்பத்தான் கடலால வந்து கிணத்தடியில நிக்கிறார். இரிங்க.”

இரிங்க என்று சொல்லிக்கொண்டே சுவரோடு சாத்தியிருந்த கதிரையை எடுத்து விரித்து வைத்தாள். மடக்குக் கதிரை. மரம் கறுத்துப்போயிருந்தது. ஒரு கால் மட்டும் வேறு மரம். முதுகுப் பலகையின் மூலையில், கோணல்மாணலாக ஒரு ‘மு’.

முனவ்வறா இருக்கவில்லை. பலகையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது... இது எங்கால ஒங்களுக்கு?”

“அது பழைய கதிரை புள்ள. சுனாமியில கடல் வந்தண்டு வீடு, வள்ளம், சட்டிபானை எல்லாம் அள்ளிட்டுப் போச்சு. மூணாம் நாள் வந்து பாத்தா, இது மட்டும் கோயில் வேலிக் கம்பியில கொழுவிக் கிடக்கு. ஒரு காலக் காணல்ல. எங்களோடதான் இருப்பன் எண்டு நிண்டிட்டு,” என்று சிரித்தாள் தங்கரத்தினம்.

தலையைத் துவட்டிக்கொண்டு குணம் வந்தார். மீசை நரைத்த, நெஞ்சு அகன்ற மனுசன். முனவ்வறா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தாள். பிறகு மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

“நான் மீராசா விதானையார்ர மகள் அண்ணன். வாப்பா கடைசி நேரத்துல கிடக்காங்க. ஒங்கட பேரச் சொல்லிக்கிட்டே இரிக்காங்க. கேற்றப் பூட்டின நாள் நான் சன்னலுக்குள்ள நிண்டு பாத்தன். ஒங்கட தம்பிக்கு நடந்ததுக்கு எங்களால ஒண்டும் திருப்பித் தர ஏலா. பொருத்தம் மட்டும் தாங்க.”

“பொருத்தம் எண்டா?”

“மன்னிப்புக் கேக்கிறாங்கப்பா,” என்றாள் தங்கரத்தினம் மெதுவாக.

குணம் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே ஓட்டோக்காரன் எஞ்சினை நிறுத்தினான்.

“தங்கச்சிக்கு அவர் ஒண்டும் சொல்லல்லியா?”

“என்னத்த?”

“பூட்டினது உண்மை. இல்லையெண்டு நான் சொல்ல மாட்டன். அண்டைக்கு வாய்க்கு வந்தபடி அவரத் திட்டிட்டுத்தான் திரும்பினன். அடுத்த நாள் விடிய அம்மாவும் மத்தப் பொம்புளையளும் காம்ப் வாசல்ல போய் மண்ணுல இருந்திருக்காங்க. பாத்தா, விதானையார் சைக்கிள்ல வாறாராம். சென்றிக் காவலுக்கு முன்னால இந்தக் கதிரைய விரிச்சு இருந்து, என்ட பிரிவுப் பொடியன், விடுங்க எண்டாராம். ஆமிக்காரன் சிரிச்சுப்போட்டுக் கதிரையப் பறிச்சு உள்ளுக்குக் கொண்டு போயிட்டான். இனி எழும்பிப் போயிருவார் எண்டுதான் அம்மா நினைச்சா. அவர் போகல்ல. வெள்ளைச் சாரனோட அம்மாக்குப் பக்கத்துல மண்ணுல இருந்திட்டார். பின்னேரம் போவார், விடிய வருவார். நாலு நாள்.”

முனவ்வறாவுக்கு உம்மா சாரனை உதறிய சத்தம் கேட்டது போலிருந்தது.

“நாலாம் நாள் தம்பிய வெளிய விட்டாங்க. கதிரையையும் தூக்கி எறிஞ்சாங்க. தம்பிக்கு நடக்க ஏலா. இதுல இருத்தி, விதானையார் முன்னுக்கும் அம்மா பின்னுக்குமாத் தூக்கிட்டு வந்தாங்க. பனங்கூடலடியில அம்மாக்கு ஏலாமப் போச்சு. என்னையும் பிடிப்பாங்க எண்டு நான் அதுக்குள்ளதான் ஒளிச்சிருந்தன். வெளிய வந்து பின்பக்கத்தப் பிடிச்சன். அவர் என்னக் கண்டார். நான் முன்னுக்குப் போறன், ஆரும் மறிச்சா நான் கதைக்கிறன் எண்டார். அவ்வளவுதான். தோள் உரிய உரிய இந்த வாசல் மட்டும் சுமந்தார்.”

“அப்ப... ஒங்கட தம்பி இரிக்காரா?”

“ஏன் இல்ல? சாமித்தம்பி சொறிக்கல்முனையில கலியாணம் முடிச்சு, பேரப்புள்ளையும் கண்டிட்டான்.”

முனவ்வறா பொத்தென்று அந்தக் கதிரையில் இருந்தாள். முப்பத்தைந்து வருசம்! தொழுகைக்குத் தொழுகை இரண்டு கையையும் ஏந்தி அவள் அழுதழுது துஆக் கேட்ட அந்தப் பொடியன், பக்கத்துக் கிராமத்தில் பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தங்கரத்தினம் முதுகைத் தடவிவிட்டாள்.

“அதுக்காக, ஒண்டுமில்ல எண்டு சொல்லவும் என்னால ஏலா தங்கச்சி,” என்றார் குணம். “முதல் நாளே கடிதம் தந்திருந்தாத் தம்பிட வலது காது செவிடாப் போயிராது. அந்த நாலு நாள் அடியிலதான் போச்சு. அத நான் மறக்கல்ல. அவரும் மறக்கல்ல. சந்தையில கண்டாத் தலையாட்டுவார், கதைக்க மாட்டார். கதிரையக் கொண்டு போய்க் குடுத்தாலும், எனக்கு இனித் தேவல்ல எண்டிட்டார்.”

“எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லாம இருந்தார்?”

குணத்துக்கு முன் தங்கரத்தினம் பதில் சொன்னாள். “தூக்கினதச் சொல்லப் போனா, பூட்டினதையும் சொல்லணுமே புள்ள.”

குணம் கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றார்.

“நீங்க கேட்டத நான் அவரிட்டத்தான் சொல்லணும். எழும்புங்க தங்கச்சி, கதிரைய எடுக்கணும்.”

வழியில் போன் அடித்தது. முனவ்வறா அதை எடுத்து, அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். குணம்தான் வாங்கி அழுத்தி அவளுடைய காதில் வைத்தார். “இன்னம் இரிக்காங்க. கெதியா வா,” என்றான் றமீஸ்.

வீட்டு வாசலில் மாமி குறுக்கே நின்றாள். “கலிமா சொல்லிக் குடுக்கிற நேரத்துல ஆரையும் உள்ளுக்குக் கூட்டிட்டு...” என்று தொடங்கியவளின் கண் குணத்தின் கையில் இருந்ததில் விழுந்தது. “இது காக்காட கதிரையெல்லோ,” என்றாள். சொல்லிவிட்டு ஒதுங்கி வழி விட்டாள்.

குணம் கட்டிலோடு ஒட்டிக் கதிரையை விரித்தார். இருக்கவில்லை. குனிந்து, எலும்பாகிப்போன அந்தக் கையைத் தூக்கி முதுகுப் பலகையில் வைத்தார்.

“விதானையார், நான் குணம். கேற்றுத் திறந்துதான் கிடக்கு. உள்ளுக்கு வந்திட்டன்.”

வாப்பாவின் இமை அசைந்தது.

“தம்பிட காதுக்காக எனக்கு உங்களில கோவம் இருந்திச்சு. நெடுங்காலம் இருந்திச்சு. இண்டையோட அது இல்ல. என்ட பொருத்தம், அம்மாட பொருத்தம், தம்பிட பொருத்தம், எல்லாம் தந்திட்டன். நீங்க நிம்மதியாப் போங்க.”

புதிதாகப் படித்த சொல்லை அவர் கொஞ்சம் தடுமாறித்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. வாப்பாவின் விரல் பலகையில் ஊர்ந்து அந்த ‘மு’வில் வந்து நின்றது. உதடு இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தது. முனவ்வறா காதை வைத்துக் கேட்டாள்.

“இரி,” என்றார் வாப்பா. “இரி குணம்.”

குணம் இருந்தார். முனவ்வறா வாப்பாவின் காதருகில் கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமி கரண்டியால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். ஐந்து நாளாக இழுத்த மூச்சு மெல்ல மெல்லத் தணிந்து, மதியத்து ளுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி, நித்திரை வந்த மாதிரி நின்றுபோனது. “இன்னாலில்லாஹ்,” என்று றமீஸ் சொல்லி மாமனாரின் கண்ணை மூடிவிட்டான். முனவ்வறா வாப்பாவின் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வெறும் கை. அவளுக்குச் சோறு ஊட்டிய கை. விரல்கள் ஒன்றும் கண்ணில் வரவில்லை.

வெளியே பந்தல் போட்டார்கள், வாடகைக் கதிரைகள் வந்து இறங்கின. எந்த வீட்டிலும் பிற மனுசருக்குக் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தறியாத றபீக்கா மாமி, விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த பூப்போட்ட கோப்பையை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். குணத்திடம் கொண்டுபோய் நீட்டி, “சீனி போட்டிரிக்கி,” என்றாள்.

செய்தி கேட்டு சாமித்தம்பி சொறிக்கல்முனையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தார். பின்னேரம் அஸர் தொழுகையோடு சந்தூக்குப் பெட்டியில் வைத்து வாப்பாவைத் தூக்கினார்கள். கேற்றைத் தாண்டும்போது குணம் ஒரு பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணனும் தம்பியும் சனத்தோடு சனமாகப் பள்ளிவாசல் வரைக்கும் போய், அங்கிருந்து மையவாடிக்கும் போய், ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தார்கள்.

வெயில் மங்கவில்லை. குணம் கதிரையை மடக்கிச் சுவரோடு சாத்தினார்.

“இத இஞ்ச வெச்சிட்டுப் போறம் தங்கச்சி. உங்கட வாப்பாட சாமான்.”

முனவ்வறா அதை எடுத்துத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

“கொண்டு போங்க அண்ணன். நான் அங்க வந்தா இரிக்கக் கதிரை வேணுமே.”

“போடியார்ர பேத்தியெல்லோ, பாயில இருக்க மாட்டா,” என்றாள் மாமி பின்னாலிருந்து. அழுதழுது வீங்கின முகத்தோடு சொன்னதால் அது பகிடியா ஏச்சா என்று யாருக்கும் விளங்கவில்லை. “ரெண்டு கதிரையா எடுத்து வைக்கச் சொல்லு. நானும் வருவன்.”

சாமித்தம்பி கதிரையைக் கரியரில் வைத்து, கால்கள் வானத்தைப் பார்க்க, றப்பர்ப் பட்டியால் இறுக்கிக் கட்டினார். ஏறாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கினார். முனவ்வறா கேற்றடியில் நின்றாள். பின்னாலிருந்து லொறியொன்று ஹோன் அடித்துக்கொண்டு வந்தது. குணம் தம்பியின் வலது பக்கத்துக்கு மாறி, அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.